நிறம் மாறாத உப்பு

சேரம்பாடிப் பள்ளிக்கூடத்தில்
ஆளுக்கொரு கரண்டி உப்பு கேட்டிருந்தார்கள்.
நோட்டுத்தாளில் மடித்துக் கொண்டுபோனாள் கோகிலவாணி.
சாயங்காலம் நனைந்த பையோடு
வாசலிலேயே நின்று சொன்னாள்:
"சொட்டு விட்டதும் எல்லார் உப்பும் ஊதாவாச்சும்மா.
நம்மளது மட்டும் வெள்ளையாவே கெடந்துச்சு."

பரீட்சையில் தோற்ற முகம் அவளுக்கு.
நான் அடுப்பைப் பார்த்தபடி இருந்தேன்.
அடுப்பு எரியவில்லை.
அப்போதெல்லாம் அப்படித்தான்.
பற்றவைக்க வேண்டும் என்று நினைப்பதற்கும்
தீப்பெட்டியை எடுப்பதற்கும் நடுவே
ஒரு மழைக்காலமே போய்விடும்.

காரணங்கள் இல்லாமல் இல்லை.
திருப்பூருக்குப் போன புருஷன்
முதல் வருஷம் பணம் அனுப்பினார்,
அடுத்த வருஷம் போன் பண்ணினார்.
பதினெட்டாம் நம்பர் காட்டில்
அண்ணனை யானை அடித்தது.
லயத்துக் கூரைக்குப் போட்ட மனுவும் ஒழுகுகிறது.
ராத்திரியில் ஒவ்வொன்றாய் எடுத்துத் துடைத்து
இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பேன்.
என்னுடையவை என்று சொல்ல
வேறென்ன இருந்தது.

கொழுந்துக்குப் போன கை
செடிமேலேயே நின்றுவிடும்.
இருபத்தெட்டுக் கிலோ எடுத்தவள்
பதினொன்றுக்கு இறங்கினேன்.
"ஒடம்புக்கா, மனசுக்கா?" என்றாள்
பக்கத்து நிரை செபமாலை.
குளிருக்கு, என்றேன்.
சித்திரை வெயிலில்.

பந்தலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
என் கழுத்தில் விரல் வைத்து
முழுங்கச் சொன்னார்.
எதை, என்று கேட்டேன்.
"சும்மா, எச்சிலை."
இத்தனை வருஷம் முழுங்கியதில்
அதுதான் லேசு.

ரத்தச்சீட்டு வந்த அன்று சொன்னார்:
இந்த ஊர் மழை
மண்ணிலிருக்கிற அயோடினையெல்லாம் கழுவிவிடும்.
கடலிலிருந்து வரவேண்டிய சரக்கு அது.

கடல்.
தலைமன்னாரில் கப்பலேறி
அதைத் தாண்டித்தான் வந்தார்கள் அப்பாவும் அம்மாவும்,
ஒரு தகரப்பெட்டி, ஒரு அட்டையோடு.
இந்த மலைக்கு அது கூட வரவில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்றேன்.
கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையாம்.
எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
அண்ணனும் புருஷனும் கூரையும்
அதற்குள் அடங்கிவிடுவார்களா?
"இதனாலதானா டாக்டர்?"
பேனாவை மூடினார், திறந்தார்.
"இதனாலயும் இருக்கலாம்.
சுரப்பி சோர்ந்தா மனசும் சோரும்.
அதுக்கு மாத்திரை தர்றேன்.
மிச்சத்தை நீங்க பேசணும்."
பேசுவதற்கு
செவ்வாய்க்கிழமை என்று எழுதித் தந்தார்.

அடுப்புக்கு மேலே மூடியில்லாத ஜாடி.
கடைவாசலில் மழையில் நனையும் மூட்டை உப்புதான் அதில்,
ராத்திரியில் யாரும் உள்ளே எடுத்துவைக்காத சரக்கு.
கொட்டினேன்.
பாக்கெட் உப்பை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு
இறுக்கி மூடினேன்.
காலையில் வெறும் வயிற்றில் வெள்ளை மாத்திரை.
அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தேத்தண்ணி கூடாதாம்.
தேயிலைக்காரியிடம் சொல்கிற பேச்சா அது.

எப்போது மாறியது என்று தேதி தெரியாது.
கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள்
தண்ணீர்க் கழிவு என்று
ரெண்டு கிலோ குறைத்து எழுதினான் கணக்கன்.
எப்போதும் போய்விடுவேன்.
அன்றைக்குத் தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன்.
"மழை பெய்ஞ்சு ஒம்பது நாளாச்சு.
எந்தத் தண்ணிக்குக் கழிக்கிற?"
நிரை முழுக்கத் திரும்பியது.
நானும் திரும்பிப் பார்த்தேன், யார் அது என்று.

மாத்திரையா, உப்பா,
வெயில் திரும்பியதா,
செவ்வாய்க்கிழமைகளா,
யாருக்குத் தெரியும்.
அண்ணன் இன்னும் செத்துத்தான் இருக்கிறான்.
கூரைக்கடியில் இன்னும் குண்டான்தான்.

அன்று ராத்திரி
ரசத்தில் உப்பு கூடிப்போச்சு என்று
தட்டைத் தள்ளினாள் கோகிலவாணி.
ஒரு வாய் வைத்துப் பார்த்தேன்.
ஆமாம்,
கூடித்தான் போயிருந்தது.